பவர் கொடுக்கும் முன் வாய்க்காலை நடந்து பாருங்கள்

வாசகி கேட்டது: மேலூர் வட்டத்தில் என் மாமனார் 1978-ல் கிரயம் வாங்கிய 1 ஏக்கர் 62 சென்ட் நஞ்சை இருக்கிறது. பெரியாறு கால்வாய்ப் பாசனம், ஒருபோகம். மாமனார் தவறி 11 வருஷம், என் கணவர் தவறி 3 வருஷம். பட்டா இன்னும் மாமனார் பேரில்தான். மாமியார் என்னோடு இருக்கிறார். கணவருக்கு ஒரு அக்கா, ஒரு தம்பி. எனக்கு ஒரு மகள், ஒரு மகன். நாலுவழிச் சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான் என்பதால் மனை போடுகிற ஒருவர் கேட்கிறார். “பவர் மட்டும் குடுங்கம்மா, பஞ்சாயத்து அப்ரூவல் நான் வாங்கிக்கிறேன்” என்று 2 லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டு, வக்கீலிடம் காட்ட என்று தாய்ப் பத்திரத்தையும் வாங்கிப்போய்விட்டார். மகள் திருமங்கலம் பக்கம் 2014-ல் வாங்கிய 5 சென்ட் மனையில் வீடு கட்டப் போனால், அது அப்ரூவல் இல்லாத மனை என்கிறார்கள். நம்ம நிலத்தை நாம விக்க, நம்ம மனையில நாம வீடு கட்ட, அரசாங்கத்துக்கு இத்தனை கையெழுத்து எதுக்கு?

பதில்:

அம்மா, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பவர், அதாவது உங்களுக்குப் பதிலாக நிலத்தை விற்கும் அதிகாரத்தை, எழுதிக் கொடுக்காதீர்கள். “பஞ்சாயத்து அப்ரூவல்” என்று அவர் சொல்வது உங்கள் நிலத்துக்குச் செல்லாது. விவசாய நிலத்தை வீட்டுமனைகளாகப் பிரிக்க ஊராட்சி தானாக ஒப்புதல் தர முடியாது. நகர் ஊரமைப்பு இயக்ககம், நம் பேச்சில் டி.டி.சி.பி., தொழில்நுட்ப ஒப்புதல் கொடுத்த பிறகுதான் ஊராட்சி இறுதி ஒப்புதலில் கையெழுத்துப் போடலாம். அது இல்லாமல் ஊராட்சி முத்திரை மட்டும் குத்திய வரைபடங்கள் பல வருஷம் ஊர் ஊராகச் சுற்றின. அவற்றை நம்பி வாங்கியவர்களில் உங்கள் மகளும் ஒருவர்.

2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியத் தடை போட்டது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல், பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவின்படி, ஒப்புதல் இல்லாமல் புதிதாகப் பிரித்த மனையைச் சார்பதிவாளர் பதியக் கூடாது. அப்படியிருக்க, உங்கள் பவரை வைத்துக்கொண்டு அவர் எப்படி விற்பார்? ஐந்து சென்ட், ஆறு சென்ட்டாக “விவசாய நிலம்” என்றே பத்திரம் எழுதப் பார்ப்பார். அல்லது மொத்த நிலத்தில் பிரிக்கப்படாத பாகம் என்று எழுதுவார். வாங்குகிறவர் கையில் மனை வரைபடம், பத்திரத்தில் வயல். விற்றவர் என்று அந்தப் பத்திரத்தில் நிற்பது உங்கள் குடும்பத்தின் பெயர். பவர் ஏஜென்ட் செய்வதெல்லாம் நீங்கள் செய்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வீடு கட்ட முடியாமல் தவிக்கும் ஆள் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்.

இத்தனை கையெழுத்து எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் நிலத்தையே எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பட்டாவில் 0.65.5 என்று இருக்கும். ஹெக்டேர், ஏர் கணக்கு அது. 6,550 சதுர மீட்டர். முறைப்படி மனை போட்டால் உட்சாலை 7.2 மீட்டராவது வேண்டும். மனை விற்பவர்கள் “23 அடி ரோடு” என்பது இதைத்தான். தெரு நீளமானால் 9 மீட்டர், அதாவது 30 அடி கேட்பார்கள். திருப்பங்களில் மனையின் முனையைச் சாய்வாக வெட்டி விட வேண்டும். தண்ணீர் லாரியும் ஆம்புலன்சும் திரும்ப அந்த வெட்டு தேவை. சாலைக்குத் தோராயமாக 1,800 சதுர மீட்டர் போகிறது என்று வையுங்கள். மீதி 4,750. மொத்தப் பரப்பு 3,000 சதுர மீட்டருக்கு மேல் இருப்பதால், சாலை போக மீதியில் 10 சதவீதம் பூங்காவுக்கு. அது 475 சதுர மீட்டர், ஏறக்குறைய 12 சென்ட். கடைசியில் விற்கக் கிடைப்பது சுமார் 105 சென்ட்.

அதே நிலத்தில் ஒப்புதல் இல்லாமல் 20 அடிப் பாதை விட்டு, பூங்காவே இல்லாமல் கோடு போட்டால் 130 சென்ட் வரை தேறும். வித்தியாசம் 25 சென்ட். “அப்ரூவல்னா ரேட்டு கட்டாதும்மா” என்று அவர் சொல்வது இந்த 25 சென்ட்டைத்தான். அது பின்னால் குடிவரப் போகிறவர்களின் சாலை, அவர்கள் பிள்ளைகள் விளையாடும் இடம், மழைத் தண்ணீர் போகும் வழி. விற்கும் நாளில், அப்படி வரப்போகும் சுமார் 20 குடும்பங்களும் அங்கே இருக்க மாட்டார்கள். அவர்கள் சார்பில் பேசத்தான் இந்தச் சட்டம். வயல் ஒருமுறை மனையாகிவிட்டால் திரும்ப வயலாகாது. குறுகலாக விட்ட தெருவையும் வீடுகள் எழுந்த பிறகு யாராலும் அகலப்படுத்த முடியாது. மதுரையில் வீட்டுவசதி வாரியம் போட்ட அண்ணாநகர்த் தெருக்களையும், தனியார் இஷ்டத்துக்குப் பிரித்த புறநகர்ச் சந்துகளையும் ஒரே நாளில் நடந்து பார்த்தால் இது விளங்கும்.

அரசின் மேலும் குறை உண்டு. எந்த இடம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டங்கள் (மாஸ்டர் பிளான்) ஊர் வளர்கிற வேகத்துக்குப் புதுப்பிக்கப்படுவதில்லை. சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் ஒப்புதல் பெற்ற மனை போதுமான அளவு சந்தைக்கு வருவதில்லை. கோப்பு நகர மாதங்கள் ஆகின்றன. அந்த இடைவெளியில்தான் பஞ்சாயத்து அப்ரூவல் வியாபாரம் வளர்ந்தது. ஆனால் கோப்பு தாமதமாவதற்காக வாய்க்காலை மூடலாம் என்றாகிவிடாது.

இனி உங்கள் நிலம். விற்பதோ வைத்துக்கொள்வதோ அப்புறம். அது யாருடையது என்பது காகிதத்தில் தெளிவாக வேண்டும்.

மாமனார் சொந்தக் கிரயத்தில் வாங்கியது, உயில் எழுதவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருக்குப் பின் மாமியார், உங்கள் கணவர், கொழுந்தனார், நாத்தனார் ஆகிய நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. உங்கள் கணவரின் கால் பங்கு அவருக்குப் பின் அவருடைய தாயார், நீங்கள், மகள், மகன் என்று நான்காகப் பிரிகிறது. ஆக உங்கள் பேரில் 16-ல் ஒரு பங்கு, அதாவது 10 சென்ட்டுக்குச் சற்று மேல். மகளுக்கும் மகனுக்கும் அதே அளவு. மாமியாருக்கு 16-ல் 5 பங்கு. நிலத்தில் அதிகப் பங்கு அவருடையது. அவர் காலத்துக்குப் பின் அவர் பங்கு அவருடைய பிள்ளைகளுக்கும், உங்கள் கணவரின் இடத்தில் உங்கள் பிள்ளைகளுக்கும் போகும். மருமகளான உங்களுக்கு அதில் வராது. ஆகவே அவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே, அவர் மனசு என்ன என்று கேட்டுப் பாகப்பிரிவினையை எழுதிப் பதிந்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

நாத்தனாருக்குக் கல்யாணச் சீர் செய்தாயிற்றே என்று அவர் கையெழுத்தை விட்டுவிடாதீர்கள். இந்த வட்டாரத்தில் நிலப் பத்திரங்கள் பின்னால் கோர்ட்டுக்குப் போக முக்கியக் காரணம் விடுபட்ட அக்கா தங்கையின் கையெழுத்துதான். அவருக்குப் பங்கு வேண்டாம் என்றால் விடுதலைப் பத்திரமாக எழுதிப் பதிய வேண்டும். வாய்ச்சொல்லும் வெள்ளைத்தாளும் போதாது.

வரிசை இதுதான். மாமனாருக்கும் கணவருக்கும் தனித்தனியாக இறப்புச் சான்று. வட்டாட்சியர் அலுவலகத்தில் இருவருக்கும் தனித்தனி வாரிசுச் சான்று. இ-சேவை மையத்தில் மனுச் செய்யலாம். பிறகு எல்லா வாரிசுகள் பேரிலும் கூட்டுப் பட்டா. பாகப்பிரிவினை பதிந்த பின், சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்து, புது உட்பிரிவு எண்ணோடு தனிப் பட்டா. சர்வேயர் அளக்க வரும் நாளில் பக்கத்து வயல்காரர்களையும் நிற்க வையுங்கள். கல் ஊன்றிய பிறகு வருகிற தகராறைவிட, ஊன்றும்போது வருகிற தகராறு சுலபமாகத் தீரும்.

இப்போது நிலத்தை யார் பார்க்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. குத்தகைக்கோ வாரத்துக்கோ ஒருவர் ஓட்டுகிறார் என்றால் அவருக்குக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி உரிமை இருக்கலாம். அவரிடம் பேசித் தீர்க்காமல் எந்த ஒப்பந்தத்திலும் கை வைக்க வேண்டாம்.

அடுத்தது, அந்த இடம் மனையாகத் தகுமா என்பது. இதற்கு இரண்டு காகிதமும் ஒரு காலை நேர நடையும் போதும்.

வருவாய்த் துறையின் இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணைக் கொடுத்தால் பட்டாவோடு, நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் புலப்படமும் கிடைக்கும். கிராம நிலங்களின் கணக்கான ‘அ’ பதிவேட்டின் விவரமும் எடுக்கலாம். ‘அ’ பதிவேட்டில் நஞ்சையா, பாசன ஆதாரம் எது, இனாமா, கோயில் நிலமா, பூதான நிலமா என்று பாருங்கள். கோயில், வக்பு, பூதான நிலமாக இருந்தால் அதே 22-ஏ பிரிவே பதிவைத் தடுக்கும். புலப்படத்தில் உங்கள் எண்ணை ஒட்டியோ ஊடாகவோ இரட்டைக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். அந்தக் கோட்டுக்குத் தனி உட்பிரிவு எண் இருந்து, பதிவேட்டில் எதிரே “வாய்க்கால்” என்று இருந்தால் அது சர்க்கார் புறம்போக்கு. அது உங்களுடையதல்ல, உங்கள் பவர் ஏஜென்டுடையதும் ஆகாது.

பிறகு அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மடையிலிருந்து நடங்கள். கால்வாயின் மடை எங்கே, கிளை வாய்க்கால் எங்கே பிரிகிறது, உங்கள் வயலுக்கு எந்த வரப்பில் தண்ணீர் இறங்குகிறது, உங்கள் வயலைத் தாண்டி எத்தனை வயலுக்குப் போகிறது, மிச்சத் தண்ணீர் எந்தக் கண்மாயில் விழுகிறது? ஐப்பசி, கார்த்திகையில் நடந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பெரியாறு பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கர் ஒருபோகம். உங்கள் 1 ஏக்கர் 62 சென்ட் அந்த நீண்ட சங்கிலியில் ஒரு கண்ணி. படத்தில் வராத சின்னக் கழனி வாய்க்கால்களும் உண்டு. பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடினாலும், கீழ்வயல்காரருக்குத் தலைமுறையாக அதில் தண்ணீர் உரிமை இருக்கும்.

தவறு நடக்கும் இடம் இதுதான். மனை போடுகிறவர் வயலைத் தெரு மட்டத்துக்கு உயர்த்த ஒரு மீட்டர் கிராவல் கொட்டுவார். வாய்க்கால் இருந்த இடத்தில் ஒரு சிமெண்ட் குழாயைப் பதிப்பார், சில சமயம் அதுவும் இருக்காது. முதல் மழையில் குழாய் வாயில் வைக்கோலும் பிளாஸ்டிக்கும் அடைக்கும். மேல்வயலில் தண்ணீர் கட்டும், கீழ்வயல் காயும். மேல்வயல்காரரும் கீழ்வயல்காரரும் சேர்ந்து மனுக் கொடுப்பார்கள். வாய்க்கால் புறம்போக்காக இருந்தால் அதன் மேல் இருப்பதை அகற்ற உத்தரவு வரும். நகரத்துக்குள் இதே கதை பெரிய அளவில் நடக்கிறது. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை எல்லோரும் பார்த்தோம். கண்மாய் மறுகால் தண்ணீர் வைகைக்குப் போக வேண்டிய பாதை நெருக்கப்பட்டால் அது வீட்டுக்குள்தான் வரும்.

உங்கள் கிராமம் ஏதாவது முழுமைத் திட்டத்தின் எல்லைக்குள் வருகிறதா என்று மதுரையிலுள்ள மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். உள்ளே வந்தால் அந்த எண்ணுக்கு என்ன உபயோகம் குறித்திருக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். குடியிருப்பு என்றால் வழி எளிது. விவசாயம் என்றால் நில உபயோக மாற்றம் வேண்டும். அந்தக் கோப்பு அரசு வரை போய்வர வேண்டியிருக்கும். திட்டப் பகுதிக்கு வெளியே என்றால், 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும் அதன் கீழ் 2017-ல் வந்த விதிகளும் பொருந்தும். நஞ்சைக்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு தேவை. வேளாண் இணை இயக்குநரின் அறிக்கையும் கேட்கப்படும். தண்ணீர் பாயும், பயிர் ஏறும் நஞ்சைக்கு இது சுலபத்தில் கிடைக்காது. கிடைக்கக் கூடாது என்பதே என் எண்ணமும். பக்கத்தில் கண்மாயோ கால்வாயோ இருந்தால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். மேலூர்ப் பக்கம் இன்னொன்றையும் பாருங்கள். மாங்குளம், கீழவளவு, திருவாதவூர், கருங்காலக்குடி என்று பழைய தமிழ்க் கல்வெட்டுள்ள குன்றுகள் நிறைந்த வட்டாரம் இது. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதியோடுதான்.

இத்தனையும் தாண்டினால்தான் மனைப்பிரிவு வரைபடம். ஒற்றைச் சாளர இணையதளம் வழியாக விண்ணப்பம், சாலைகளையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிவது, அதன் பின் இறுதி ஒப்புதல். தானப் பத்திரம் பதியாமல் விற்பனை தொடங்கினால், பூங்கா என்று காட்டிய இடம் சில வருஷத்தில் “ரிசர்வ் சைட்” என்று இன்னொருவருக்குக் கைமாறும். உங்கள் நிலத்தின் அளவுக்குப் பூங்கா நிலத்துக்குப் பதில் பணம் கட்டவும் விதி இடம் தருகிறது. என்னைக் கேட்டால் நிலமாகவே விடச் சொல்வேன். கட்டிய பணத்தில் குழந்தை ஓடியாட முடியாது.

மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டமும் உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைத் தமிழ்நாடு ரெராவில் பதியாமல் விளம்பரம் செய்வதோ முன்பதிவு வாங்குவதோ கூடாது. உங்கள் நிலம் அதைப்போல 13 மடங்கு. பதியாவிட்டால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம். வாங்குவோரிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் வேலைக்கும் மட்டுமே எடுக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தம் பதியாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. நிலம் கொடுத்து லாபத்தில் பங்கு பெறும் உரிமையாளரும் இதில் கூட்டுப் பொறுப்பாளி ஆகலாம் என்பதை மறக்காதீர்கள்.

நீங்கள் விற்கவே முடிவு செய்தால் என் ஆலோசனை இது. பங்கு வேண்டாம், பவர் வேண்டாம். பாகப்பிரிவினையும் பட்டாவும் முடித்து, நிலத்தை நிலமாகவே முழுக்கிரயம் கொடுத்து ஒதுங்குங்கள். ஒப்புதல் வாங்குவது வாங்கியவர் பொறுப்பு. அதற்கு அவர் அவகாசம் கேட்டால், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தமாக எழுதுங்கள். ஒப்புதலுக்கு இத்தனை மாதம், கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து, அதுவரை நிலத்தின் சுவாதீனம் உங்களிடம், கிராவல் ஒரு லோடும் இறங்கக் கூடாது, வாய்க்காலைத் தொடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் எழுத்தில் வையுங்கள். உண்மையாகவே முறைப்படி மனை போடுகிறவர் இதற்குச் சம்மதிப்பார். பவர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவரை விட்டுவிடுங்கள்.

இதில் வருமான வரிக் கணக்கும் இருக்கிறது. மேலூர் போன்ற 10,000 முதல் 1 லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகராட்சி எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு அப்பாலும், 10 லட்சத்தைத் தாண்டிய மதுரை மாநகராட்சி எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பாலும் உள்ள விவசாய நிலத்தை விவசாய நிலமாகவே விற்றால் மூலதன ஆதாய வரி வராது. தூரத்தை ரோட்டு வழியாக அளப்பதில்லை, நேர்கோட்டில் அளப்பார்கள். மனையாக்கி விற்றால் கணக்கே மாறும். உங்கள் நிலம் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஆடிட்டரிடம் காட்டிவிட்டு விலை பேசுங்கள்.

விற்காமல் இருக்கவும் வழி உண்டு. கால்வாய்த் தண்ணீர் ஒழுங்காக வரும் நஞ்சை என்றால், நாலுவழிச் சாலைக்கு அருகே என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் அவசரப்பட வேண்டாம். பாகம் பிரித்தபின் கொழுந்தனார் தன் பங்கை விற்க விரும்பினால், உங்களுடையது மட்டும் நடுவில் மாட்டாதபடி பாதை ஓரமாகவும் வாய்க்கால் ஓரமாகவும் பங்கை அமைத்துக்கொள்ளுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் பாதை அகலத்தையும் தண்ணீர் வரும் வழியையும் மீட்டரில் எழுத வேண்டும். “வழக்கம்போல்” என்று எழுதி விடுகிறார்கள். பின்னால் வழக்காவது அதுதான்.

மகளின் மனைக்கு வருவோம். 2014-ல் கிரயப் பத்திரம் பதிந்திருப்பதால் அவருக்கு வழி இருக்கிறது. 2017 மே மாதம் வந்த வரன்முறை விதிகள், 20.10.2016-க்கு முன் கிரயமான அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த, அதாவது கட்டணம் கட்டி முறைப்படி ஆக்கிக்கொள்ள, இடம் தருகின்றன. கிரயப் பத்திரம் பதிந்திருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தமோ பவரோ ஆதாரமாகாது. முதலில் அந்த மனைப்பிரிவு முழுவதற்கும் கட்டமைப்பு ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து மனைக்காரர் யாராவது ஏற்கெனவே வரன்முறை ஆணை வாங்கியிருந்தால் அவரிடம் ஒரு நகல் கேளுங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி. இல்லையென்றால் மனை உரிமையாளர்கள் சேர்ந்து விண்ணப்பிப்பது நல்லது. தனி ஆளாகப் போனால் சாலை யாருடையது என்ற கேள்வியில் கோப்பு நிற்கும். விண்ணப்பக் காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இப்போது திறந்திருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.

கையில் வேண்டியவை: கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரத்தின் நகல், 30 வருஷ வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்), பட்டா, புலப்படம், மனை வரைபடம். மனை நீர்நிலையிலோ வாய்க்காலிலோ, புறம்போக்கிலோ, உயர் அழுத்த மின்கம்பிக்கு அடியிலோ, பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்திலோ இருந்தால் வரன்முறை கிடைக்காது. மதுரைப் புறநகரில் ஒன்று கூடுதலாகப் பார்க்க வேண்டும். 1978-ஆம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் மதுரைக்கும் பொருந்தியது. 1999-ல் அது நீக்கப்பட்டாலும், அதற்கு முன் அரசு சுவாதீனம் எடுத்த மிகை நிலம் அரசுடையதுதான். மனை இருக்கும் சர்வே எண் அந்தப் பட்டியலில் இருந்ததா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடச் சொல்லுங்கள். வரன்முறை ஆணை இல்லாமல் கட்டட அனுமதி வராது, வங்கிக் கடனும் அநேகமாகக் கிடைக்காது. அனுமதி இல்லாமல் அஸ்திவாரம் போட வேண்டாம். மனையை விற்பதென்றால், ஏற்கெனவே மனையாகப் பதிவான அதே அளவில் மறுகிரயம் பதியலாம். இரண்டாக வெட்டி விற்க முடியாது.

கடைசியாக அந்த 2 லட்சமும் தாய்ப் பத்திரமும். இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை இது. பணத்தை ரொக்கமாகத் திருப்பாதீர்கள். அவர் பேரில் வங்கி வழியாக அனுப்பி, “முன்பணம் திருப்பப்பட்டது, பேச்சுவார்த்தை முடிந்தது” என்று குறிப்பு எழுதுங்கள். முன்பணம் வாங்கியபோது நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள் எதுவோ அதை அவரிடமிருந்து வாங்கி, அதன் மேலேயே ரத்து என்று எழுதி இருவரும் தேதியோடு கையெழுத்திடுங்கள். வெற்றுத்தாளிலோ முத்திரைத்தாளிலோ கையெழுத்து வாங்கியிருந்தால் அதையும் எண்ணி வாங்குங்கள். தாய்ப் பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள்; 1978-ல் குத்திய பதிவு முத்திரையும், பின்பக்கத்தில் விரல்ரேகையும் அசலில் இருக்கும். கலர் ஜெராக்ஸைத் திருப்பிக் கொடுத்தால் அதில் மை படிந்த அழுத்தம் விரலுக்குத் தெரியாது.

தர இழுத்தடித்தால் வக்கீல் நோட்டீஸ் ஒன்று, காவல் நிலையத்தில் புகார் ஒன்று. கூடவே சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கும், இன்றைய தேதி வரையிலான வில்லங்கத்துக்கும் மனுப் போட்டுவிடுங்கள். வில்லங்கத்தில் உங்களுக்குத் தெரியாத பவரோ ஒப்பந்தமோ ஏறியிருக்கிறதா என்று மாமியாரின் பெயரிலும் சேர்த்துப் பாருங்கள். வயதானவர்களிடம் “பட்டா மாத்தத்தான்” என்று சொல்லிக் கைநாட்டு வாங்குவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம்.